கவிழ்த்துப் பார்க்க வேண்டிய இயந்திரம்

புதிதாக மடிக்கணினி வாங்கியவர்கள் அதை எவ்வாறு பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்கும் வாய்ப்பு, அதே இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஜீவனம் நடத்துகிறவனுக்குக் கிடைப்பதைப் போல மற்றவர்களுக்குக் கிடைப்பதில்லை. திரையின் பிரகாசத்தைப் பார்ப்பார்கள். மூடியின் வர்ணத்தைத் தடவிப் பார்ப்பார்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களை அண்டை வீட்டாருக்கு வாசித்துக் காட்டிச் சந்தோஷப்படுவார்கள். அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தவர்கள் மிகச் சொற்பம். ஆனால் அந்த இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் சங்கதிகளில் பெரும்பாலானவை அடிப்பாகத்திலும் பக்கங்களிலுமே இருக்கின்றன என்பதும், அவற்றை உடையவன் அறிந்துகொள்ள வேண்டிய காலம் இயந்திரம் நோயுற்ற பின்பு அல்ல, வாங்கிய முதல் வாரமே என்பதும் இந்தத் தொழிலில் எனக்கு ஏற்பட்ட திடமான அபிப்பிராயம்.

என் கடை ஊரப்பாக்கத்தில் இருக்கிறது. வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையும் மின்சார ரயில் பாதையும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் ஓடும் இவ்வூர், நான் கடை வைத்த நாளில் காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி ஜில்லா ஆனபோது அதற்குள் வந்தது. 2023 டிசம்பர் முடிவில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு, தென் ஜில்லாக்களுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் எங்கள் வாசலைக் கடந்து போகிறார்கள். தெற்கே பொத்தேரி, காட்டாங்குளத்தூர்க் கல்லூரிப் பிள்ளைகள், மறைமலை நகர்த் தொழிற்சாலைக்காரர்கள், கிழக்கே கேளம்பாக்கம் சாலை வழியாக வரும் கணினிக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள், அதற்கும் அப்பால் கோவளம், மாமல்லபுரம் கரையிலிருந்து வருகிறவர்கள் என்று பலவகைப்பட்டவர்களின் இயந்திரங்கள் என் மேசைக்கு வருகின்றன. ரேடியோவும் தொலைக்காட்சிப் பெட்டியும் பழுதுபார்க்கக் கற்ற நான், பின்பு மேசைக் கணினிக்கும் அதன் பின்பு மடிக்கணினிக்கும் வந்து சேர்ந்தேன். கற்ற இடம், இத்தொழிலில் உள்ள பலருக்கும் போலவே, மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு. உதிரிப் பாகம் வாங்கப் போய், கடைக்காரர் கையில் இருக்கும் போர்டை எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டதே அதிகம்.

மடிக்கணினி என்பது உத்தியோகஸ்தர்களின் தோளில் மட்டும் தொங்கிய காலம் 2011-ஆம் வருஷத்தோடு முடிந்தது. அவ்வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணாவின் பிறந்தநாளில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படித்தவர்களுக்கும், அத்தகைய கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் படித்தவர்களுக்கும் வழங்குவதற்காக எல்காட் நிறுவனம் லட்சக்கணக்கில் கொள்முதல் செய்த அந்த இயந்திரங்களில் விண்டோஸோடு, சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மூடியில் தமிழக அரசின் கோபுர முத்திரை இருக்கும். மக்கள் அதை ‘கவர்மென்ட் லேப்டாப்’ என்றார்கள். சிலர் ‘அம்மா லேப்டாப்’ என்றார்கள். கூலி வேலை செய்யும் குடும்பங்களிலும் மீனவர் குப்பங்களிலும் கணினி என்பது வீட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான். இலவசம் என்று அதை இகழ்ந்தவர்கள் அந்நாளில் பலர் இருந்தார்கள். அந்த இயந்திரங்களைப் பத்து வருஷத்துக்கு மேலாகத் திறந்து மூடிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: கையாளத் தெரிந்தவனிடம் அவை மிக நன்றாக உழைத்தன. கையாளுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அக்காலத்தில் என்னிடம் வந்த பழுதுகளில் விசித்திரமானது ஒன்று உண்டு. உபயோகித்துக் கெட்டவற்றைக் காட்டிலும் உபயோகிக்காமல் கெட்டவை அதிகம். காரணைப்புதுச்சேரியிலிருந்து ஓர் அம்மாள், சந்தனமும் குங்குமமும் இட்ட மூடியோடு, பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். மகனுக்குப் பரீட்சை முடியட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாராம். “தம்பி, பிள்ளை கைகூடப் படாம வெச்சிருந்தேன். எப்படிக் கெட்டுப் போகும், சொல்லுங்க?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பித்தளைக் குத்துவிளக்கும் பட்டுப் புடவையும் பீரோவில் இருந்தால் கெடுவதில்லை; மடிக்கணினி கெடும்.

அதற்குக் காரணம் பாட்டரி. 1991-இல் ஸோனி கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம்தான் இன்று எல்லா மடிக்கணினிகளிலும் இருப்பது; அதற்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்ற மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய இயந்திரங்களில் பாட்டரியைத் தாழ்ப்பாளை நகர்த்திக் கழற்றலாம். அதனுள் 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைக் கலங்கள் இருக்கும். மூன்றை வரிசையாகக் கோத்தால் சுமார் 11 வோல்ட். ஒரு கலம் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் காட்டும். இயந்திரம் அணைந்திருந்தாலும் அந்தக் கலங்கள் மெல்ல மெல்ல வடிந்துகொண்டுதான் இருக்கும். இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் உள்ளே ரசாயனச் சிதைவு ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட கலத்தில் மறுபடி மின்சாரத்தை ஏற்றுவது அபாயம் என்று, பாட்டரிக்குள்ளேயே இருக்கும் காவல் சுற்று கதவை அடைத்துவிடும். பீரோவில் இருந்த இயந்திரத்துக்கு நேர்ந்தது இதுதான். அந்த அம்மாளுக்கு வேறு பாட்டரி போட்டுக் கொடுத்து, வைத்துப் பூட்டுவதாக இருந்தாலும் பாதி சார்ஜில் வையுங்கள், மாதம் ஒருமுறை எடுத்து ஏற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இதற்கு நேர்மாறான அபசாரமும் உண்டு. புது இயந்திரத்தை முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜில் போட வேண்டும் என்று விற்கிறவர்கள் இன்னமும் சொல்லி அனுப்புகிறார்கள். நிக்கல் பாட்டரிகள் இருந்த காலத்தில் அதற்குப் பிரயோஜனம் இருந்தது, இப்போது கிடையாது. நூறு சதவீதம் நிறைந்த நிலையிலேயே, அதுவும் சித்திரை வைகாசி வெயிலில், வருஷக்கணக்கில் சார்ஜரோடு பிணைத்து வைத்திருப்பதுதான் லித்தியம் கலத்துக்குப் பெரிய துன்பம். வெப்பமும் நிறைவும் சேர்ந்து அதன் ஆயுளைக் குறைக்கின்றன. இப்போதைய இயந்திரங்கள் பலவற்றில் எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. மேசையை விட்டு நகராத இயந்திரம் என்றால் முதல் நாளே அதைத் தேடி இயக்கி வைத்துவிட வேண்டும். இப்போதைய பாட்டரிகள் தட்டையான பை வடிவம் கொண்டவை, கெட்டால் உப்பும். உப்பிய பாட்டரி முதலில் விரல் தடவும் பலகையைத்தான் மேலே தூக்கும். “அண்ணே, டச்பேட் அழுந்த மாட்டேங்குது” என்று ஒரு பையன் வந்தால், நான் அந்தப் பலகையைத் தொடுவதற்கு முன் இயந்திரத்தைக் கண்ணின் மட்டத்துக்கு உயர்த்தி, அடிமூடி வளைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வளைந்திருந்தால் அதற்கு மேல் சார்ஜ் ஏற்றுவது கூடாது. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவது அதைவிடக் கூடாது. செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

2012-ஆம் வருஷத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னை எல்லைக்கு வெளியே பகலும் இரவும் பல மணி நேரம் மின்சாரம் நின்றுபோன காலம் அது. ஊரப்பாக்கத்துத் தெருக்களில் இருட்டிய பிறகு நடந்தால், ஜன்னல்களில் அரிக்கேன் வெளிச்சத்தோடு நீல வெளிச்சமும் தெரியும். கவர்மென்ட் லேப்டாப்பின் திரை வெளிச்சத்தில் பிள்ளைகள் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு வருஷத்தில் பாட்டரியைப் பற்றி ஜனங்கள் கற்றுக்கொண்டது, நான் பத்து வருஷம் சொல்லியிருந்தாலும் ஏறியிருக்காது.

பாட்டரிக்கு அடுத்தபடி சார்ஜர். மடிக்கணினியின் உலோக உடம்பைத் தொட்டால் சுரீரென்று அடிக்கிறது என்று வருகிறவர்கள் வருஷம் முழுவதும் உண்டு. இயந்திரத்தில் பழுது என்று நினைத்து வருகிறார்கள். பழுது பெரும்பாலும் வீட்டுச் சுவரில் இருக்கும். சார்ஜருக்குள், மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, மின்வாரியத்தின் 230 வோல்ட் பக்கத்துக்கும் கணினியின் 19 அல்லது 20 வோல்ட் பக்கத்துக்கும் இடையே சிறு மின்தேக்கி ஒன்றை வைத்திருப்பார்கள். அதன் வழியே மிக அற்பமான மின்னோட்டம் கசியும். மூன்று முனைப் பிளக்கில் எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உங்கள் முழங்கையின் வழியே போகும். உயிருக்கு ஆபத்தில்லாத அளவுதான். ஆனால் அந்தச் சுவரில் எர்த் இல்லை என்ற செய்தியை அது சொல்லிவிட்டது. நாளைக்குக் குளிர்பெட்டியோ வாட்டர் ஹீட்டரோ பழுதானால் அந்த எர்த்தை நம்பித்தான் வீட்டார் உயிர் இருக்கும். நம் நாட்டு மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருப்பதற்குக் காரணம், செருகும்போது அது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதே. அதை இரண்டு முனையாக மாற்றிக் கொடுக்கும் மலிவான செருகியை வாங்குகிறவர்கள் அந்த யோசனை முழுவதையும் வீணாக்கிவிடுகிறார்கள். என்னிடம் ஷாக் அடிக்கும் கணினியோடு வருகிறவர்களிடம் நான் கூலி வாங்குவதில்லை; எலக்ட்ரீஷியனிடம் அனுப்பிவிடுவேன்.

இனி, இயந்திரத்தைக் கவிழ்ப்போம்.

அடிமூடியில் முதலில் தெரிவது சல்லடைக் கண்கள். அங்கேதான் கணினி காற்றை உள்ளே இழுக்கிறது. பக்கத்திலோ பின்புறத்திலோ உள்ள இடுக்கு வழியே சூடான காற்றை வெளியே தள்ளுகிறது. இவ்விரண்டு வழிகளும் எங்கே இருக்கின்றன என்று முதல் நாள் கையை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளாதவன், இரண்டாம் நாள் மெத்தையின் மேல் வைத்து இரண்டையும் அடைத்துவிடுவான். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளக்க நான் நம் வீட்டு இட்லிக் கொப்பரையைத்தான் துணைக்கு அழைப்பது. பிராசஸர் என்னும் சில்லின் மேல் தட்டையாக ஒரு செப்புக் குழாய் படுத்திருக்கும். குழாய் என்றாலும் இரு முனையும் அடைபட்டது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மிகக் கொஞ்சம் தண்ணீரை வைத்திருப்பார்கள். அழுத்தம் குறைந்திருப்பதால் அந்தத் தண்ணீர் கொஞ்சச் சூட்டிலேயே ஆவியாகும்; ஆவி மறுமுனைக்கு ஓடி, அங்கே விசிறியின் எதிரே இருக்கும் மெல்லிய தகடுகளில் சூட்டை விட்டுவிட்டு, கொப்பரை மூடியின் உட்புறத்தில் நீர் கோத்துக்கொள்வதைப் போலவே மறுபடி நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய திரி வழியே திரும்பி வரும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் சோதனைச் சாலையில் 1963-இல் ஜார்ஜ் க்ரோவர் என்பவர் இத்தகைய குழாயை உருவாக்கிக் காட்டினார். விண்கலங்களில் உபயோகமான அந்தச் சாதனம் இன்று கூடுவாஞ்சேரி மாணவியின் பையில் இருக்கிறது. நசுங்கினாலோ தவறாக வளைந்தாலோ அது வெறும் செப்புக் கம்பிதான். ஆகையால் அடிமூடியைத் திறக்கிறவன் வேறு எதைத் தொட்டாலும் அதை நெம்பக் கூடாது.

இந்த ஏற்பாடு முழுவதையும் நாசம் செய்ய ஒரு விரற்கடைத் தூசி போதும். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில் தூசி படிந்து படிந்து கம்பளித் துண்டைப் போன்ற ஒரு திரையாகிவிடும். அதன் பிறகு விசிறி எவ்வளவு கூவினாலும் காற்று வெளியேறாது. சில்லு நூறு டிகிரியை நெருங்கும். தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது உடையவன் ‘ஸ்லோ’ ஆகிவிட்டது, வைரஸ் வந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்கிறான். தூசியைத் துடைத்து, உலர்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துப் புதிதாகத் தடவிவிட்டால், ‘செத்துப்போன’ அந்த இயந்திரம் மறுபடி வேலை செய்வதை எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது.

தூசியிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையோரத்துக் கடைகளிலிருந்து வருவது கரிய, பிசுபிசுப்பான தூசி. வீடுகளிலிருந்து வருவது பஞ்சும் முடியும். மாமல்லபுரத்திலிருந்து வருவது கல். ஐந்து ரதங்களுக்குப் போகும் வழியிலும் அதைச் சுற்றியும் உள்ள சிற்பக்கூடங்களில் பகல் முழுவதும் உளிச் சத்தமும் மின்சார அறுப்பு இயந்திரத்தின் ஓலமும் கேட்டுக்கொண்டிருக்கும். 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி அங்கே இருக்கிறது. அவ்வூர்க் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஸ்தபதி ஒருவருடைய மகன், வெளிநாட்டுக் கோயில்களிலிருந்து மின்னஞ்சலில் வரும் வரைபடங்களைத் தகப்பனாருக்குக் காட்டுவதற்காகத் தன் மடிக்கணினியைப் பட்டறையிலேயே வைத்திருந்தான். அவன் கொண்டுவந்த இயந்திரத்தைத் திறந்தபோது, போர்டு முழுவதும் விபூதி பூசியிருந்தாற்போல் வெள்ளையாக இருந்தது. கருங்கல்லில் உள்ள படிகக்கல் எஃகைவிடக் கடினமானது. அந்தத் துகள் விசிறியின் அச்சில் புகுந்து அதைத் தேய்த்துவிடும். அந்த விசிறி சுற்றும்போது கரகரவென்று ஓசை எழுந்தது. ஸ்தபதியும் உடன் வந்திருந்தார். அவர் அதைக் காதருகே பிடித்துக் கேட்டுவிட்டு, “உள்ள கல்லு அறுபடுதுங்களே” என்றார். நோயறிதல் அவ்வளவு சரியாக எனக்கும் வாய்த்ததில்லை. இயந்திரத்தின் நல்ல ஓசையை முதல் வாரத்தில் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டவனுக்கே கெட்ட ஓசை புலப்படும் என்று நான் எல்லோருக்கும் சொல்வதை, கல்லைத் தட்டி அதன் குணம் சொல்லுகிற அந்த மனிதரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கல்லைவிடக் கொடியது உப்பு. ஊரப்பாக்கத்துக்கும் கோவளம் கடலுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர் இருப்பதால் எங்களுக்கு அதன் தொல்லை அவ்வளவாக இல்லை. கடற்கரைச் சாலையை ஒட்டிய விடுதிகளிலும் மீனவர் குடியிருப்புகளிலும் இருக்கும் இயந்திரங்களைத் திறந்தால் கேட்காமலே இடத்தைச் சொல்லிவிடலாம். காற்றில் மிதந்துவரும் உப்புத் துளி போர்டின் மேல் படிகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து, மின்சாரம் கடத்தும் ஒரு மெல்லிய நீர்ப்படலமாகிவிடும். இக்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டத்தான் செய்கிறது. செப்புக் காலெல்லாம் பச்சை பூக்கும், அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியாக உதிரும், யு.எஸ்.பி. துளையின் உட்புறம் துருவேறும். அன்றாடம் உபயோகிக்கும் இயந்திரத்தில் இந்தச் சேதம் குறைவு. உள்ளே உண்டாகும் வெதுவெதுப்பே ஈரத்தைத் துரத்திவிடுகிறது. ஆகவே கடற்கரைக்காரர்களுக்கு நான் சொல்வது: தினம் கொஞ்ச நேரமாவது இயக்குங்கள், இரவில் ஜன்னலோரம் திறந்து வைக்காதீர்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பையில் மூடி வையுங்கள், வருஷம் ஒருமுறை திறந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள். பச்சை பூத்தபின் வந்தால் துடைக்கலாம். தின்றுபோன செம்பைத் திரும்ப வைக்க என்னால் ஆகாது.

தண்ணீர் என்றால் 2015-ஐச் சொல்ல வேண்டும். டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபின், கோணிப்பையில் கட்டிய மடிக்கணினிகள் என் கடை வாசலில் குவிந்தன. பிழைத்தவை எவை என்றால், நனைந்தபின் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று யாரும் பொத்தானை அழுத்திப் பார்க்காதவை. தண்ணீர் மட்டும் போர்டைக் கொல்வதில்லை. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்துதான் கொல்கின்றன. காப்பி கொட்டினாலும் இதே விதிதான்: சார்ஜரைப் பிடுங்கு, அணை, கழற்ற முடிந்தால் பாட்டரியைக் கழற்று, கவிழ்த்து வை, கொண்டு வா. அரிசிப் பானையில் புதைத்து வைப்பதால் பயன் ஏதும் இல்லை. துளைகளில் அரிசி மாவு புகுவதுதான் மிச்சம்.

மூடியின் கீலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடியை ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் ஒரு பக்கத்துக் கீல் மட்டும் சுமை தாங்கி, பிளாஸ்டிக்கில் பதிந்த பித்தளைத் திருகுமரை பிய்ந்து வரும். நடுவில் பிடித்துத் தூக்கினால் வராது. எடை அதிகம் என்று முணுமுணுக்கிறவர்களுக்கு, 1981-இல் வந்த ஆஸ்பார்ன் என்ற கைப்பெட்டிக் கணினி 11 கிலோவை ஒட்டிய எடையுடையது, பாட்டரியும் இல்லாதது என்று சொல்லுவேன்.

எடை என்றதும் எனக்குள்ள ஒரு பெரிய மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். 2011-12-இல் வந்த அரசு மடிக்கணினிகளில் 2 ஜி.பி. ராமும் 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. அந்த ஹார்ட் டிஸ்க்கினுள் தகடு நிமிஷத்துக்கு 5,400 முறை சுற்றும். அதைப் படிக்கும் முனை, தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கும். இயங்கிக்கொண்டிருக்கையில் ஓடும் பேருந்தில் மடியில் வைத்துக் குலுங்கினால் முனை தகட்டில் உரசும். அப்படிக் கெட்டவை ஏராளம். ஆனாலும் அந்த இயந்திரங்களின் அடிமூடியில் சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ஹார்ட் டிஸ்க் தனியே வரும், ராம் தனியே வரும். கெட்ட டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு, ராமை நாலாக உயர்த்திக் கொடுத்தால், பத்து வயதான இயந்திரம் புது வேகத்தில் ஓடும். 2020-இல் ஊரடங்கு வந்து பள்ளிப் பாடமெல்லாம் திரைக்கு வந்தபோது, கடைகளில் புது மடிக்கணினி கிடைக்காத நிலையில், அக்காள் பிளஸ் டூவில் வாங்கிய கவர்மென்ட் லேப்டாப்பை இவ்விதம் புதுப்பித்துத் தம்பிகளும் தங்கைகளும் படித்தார்கள். பரணில் கிடந்தவை எல்லாம் கீழே இறங்கின.

என் மனத்தாங்கல் இதுதான்: இன்று விற்கும் மெல்லிய இயந்திரங்கள் பலவற்றில் ராமைப் போர்டோடு பற்றவைத்தே அனுப்புகிறார்கள். எட்டு என்றால் ஆயுள் முழுவதும் எட்டுத்தான். அது கெட்டால் போர்டையே மாற்ற வேண்டும். போர்டின் விலையைக் கேட்டவர்கள் புது இயந்திரம் வாங்கப் போய்விடுகிறார்கள். மில்லிமீட்டர் கணக்கில் மெலிவதற்காக இந்த விலையைக் கொடுப்பது புத்திசாலித்தனம் அன்று என்பது என் தீர்ப்பு. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல், மடிக்கணினி போன்ற சாதனங்களைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு விலைச்சீட்டோடு காட்ட வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். நம்மூரில் அந்த மதிப்பெண்ணை வாங்குகிறவனே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடையில் போய் நிற்கும்போது, “ராமுக்கு ஸ்லாட் இருக்கா? எஸ்.எஸ்.டி.யை மாத்தலாமா? பாட்டரி தனியாக் கிடைக்குமா?” என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. 2025-26-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு வருஷங்களில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது, வழங்கலும் தொடங்கிவிட்டது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி.யோடு வரும் புது இயந்திரங்களை என் கடைக்கே சில பிள்ளைகள் எடுத்துவந்து காட்டினார்கள். பழுது எதுவும் இல்லை. காட்ட வேண்டும் என்று ஆசை. நான் வாங்கிக் கவிழ்த்தேன். “அண்ணா, ஏன் திருப்புறீங்க?” என்று கேட்டாள் ஒரு பெண். காற்று போகும் வழியில் அவள் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். அடியில் ஒட்டியிருந்த வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். உத்தரவாதக் காலம் முடியும்வரை திருகாணியில் கை வைக்க வேண்டாம் என்றும், முடிந்தபின் பயப்படாமல் திறந்து பார்க்கலாம் என்றும் சொன்னேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

இந்தக் கால்மணி நேரம் 20 லட்சம் பேருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். மடிக்கணினி வழங்கும் நாளில் கல்லூரிகளில் மேடை போடுகிறார்கள், பேசுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு, பழைய இயந்திரம் ஒன்றைத் திறந்து வைத்து, இதுதான் பாட்டரி, இதுதான் விசிறி, இவ்வழியாகக் காற்று போகிறது, இவ்விடத்தில் தூசி சேர்கிறது என்று மாணவர்களை வரிசையாக வரவழைத்துக் காட்டலாம். அதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். திறந்து காட்டக்கூடிய பழைய இயந்திரம் என்னைப் போன்ற ஒவ்வொரு பழுதுபார்ப்பவரிடமும் கிடக்கிறது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரையில் ஜி.எஸ்.டி. சாலை நெடுக அத்தகைய கடைகள் இருக்கின்றன. கல்லூரி முதல்வர்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், நான் என் மேசையையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு கூலி கேட்காமல் வருகிறேன். மற்றவர்களையும் அழைத்து வருகிறேன்.